கட்டிலுக்கு மட்டும் காப்பீடு

மனநோய்க்கு இன்ஷூரன்ஸ் உண்டா என்று யாராவது கேட்டால், உண்டு என்றுதான் சொல்ல வேண்டும். சட்டம் சொல்கிறது, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொல்கிறது, உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சரி, மாதாமாதம் டாக்டரைப் பார்க்க, மாத்திரை வாங்க, ரத்தம் கொடுத்துப் பரிசோதிக்க அந்த இன்ஷூரன்ஸ் காசு தருமா? பெரும்பாலான பாலிசிகளில் தராது. மனநோய் வந்த வீட்டில் பணம் கரைவதோ இந்த வழியில்தான். அதனால் கையில் பாலிசி இருப்பவருக்கு என்ன செலவு, இல்லாதவருக்கு என்ன செலவு என்று பிரித்துப் பார்க்காமல், காப்பீடு வந்துவிட்டது என்று திருப்திப்பட்டுக்கொள்ள முடியாது.

அப்படிப் பிரித்துப் பார்க்கத் திருவல்லிக்கேணி வாகான இடம். பார்த்தசாரதி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் முதியவர்கள் இருக்கிறார்கள். ஜாம் பஜாரில் அன்றாடம் சரக்கெடுத்து அன்றாடம் விற்பவர்கள். பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகக் கடைக்காரர்கள். ஐஸ் ஹவுஸ் பக்கம் மீனவர் குடும்பங்கள். மேன்ஷன்களில், ஊரைவிட்டு வந்து ஜவுளிக்கடையிலும் கூரியர் ஆபீஸிலும் ஐ.டி. கம்பெனியிலும் வேலை பார்க்கும் ஆண்கள். ஒரே தெருவில் குடியிருந்தாலும் காப்பீட்டுக் கணக்கில் இவர்கள் வேறு வேறு உலகம். சிலருக்கு இ.எஸ்.ஐ., சிலருக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, சிலருக்குக் கம்பெனி கொடுத்த குரூப் பாலிசி. பலருக்கு ஒன்றுமே இல்லை. இத்தனைக்கும் கூட்டாகப் பணம் போட்டு விலையைச் சமாளிக்கலாம் என்பதை இந்த ஊர் 1904லேயே செய்து காட்டியது. திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் அந்த ஆண்டில்தான் தொடங்கியது, டி.யு.சி.எஸ். என்றால்தான் இன்றும் ஆட்களுக்குத் தெரியும்.

சென்னையில் மனநோய்க்கு இன்னொருவர் பணம் கட்டும் ஏற்பாடும் பழையதுதான். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் வாலன்டைன் கொனோலி 1794இல் இங்கே ஒரு மனநோயாளர் இல்லம் தொடங்கினார். இல்லம் மருத்துவர் நடத்தியது. பணம் கம்பெனி கொடுத்தது. பின்னால் அது அரசின் கைக்கு வந்து, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறி, இன்று மனநலக் காப்பகமாக நிற்கிறது. பணம் கொடுத்தவர் மாறிக்கொண்டே வந்தாலும், கொடுத்தது உள்ளே படுத்திருப்பவருக்குத்தான். மனநோய் என்றால் உள்ளே அடைப்பது என்று இருந்த காலத்தில் அது பொருந்தியது. இன்று மனநோயாளிகளில் மிகப் பெரும்பாலானவர்கள் மருத்துவமனையில் ஒரு இரவுகூடத் தங்காமல் வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெறுகிறார்கள். காப்பீட்டின் கணக்குப் புத்தகம் மட்டும் இன்னும் கட்டிலை எண்ணிக்கொண்டிருக்கிறது.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் நிறைவேறி 2018இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 21ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு, உடல்நோய்ச் சிகிச்சைக்கு எந்த அடிப்படையில் காப்பீடு தரப்படுகிறதோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்று எல்லாக் காப்பீட்டு நிறுவனங்களையும் கட்டாயப்படுத்துகிறது. 2018 ஆகஸ்டில் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., இதை உடனே நடைமுறைப்படுத்துங்கள் என்று சுற்றறிக்கை அனுப்பியது. அனுப்பியும் கம்பெனிகள் அசையவில்லை. 2022 அக்டோபரில் மறுபடி ஒரு சுற்றறிக்கை: அந்த மாதம் 31ஆம் தேதிக்குள் எல்லாப் பாலிசிகளும் மனநோயை உள்ளடக்க வேண்டும் என்று கெடு. நான்கு ஆண்டு கழித்து அதே கட்டளையைத் திரும்பச் சொல்ல வேண்டி வந்தது என்றால், நடுவில் என்ன நடந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

நடுவில் நடந்ததில் ஒரு பகுதி டெல்லி உயர் நீதிமன்றப் பதிவேட்டில் இருக்கிறது. மனச்சிதைவும் மனநிலைக் கோளாறும் கலந்த ஒரு நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்த பெண்ணுக்கு, பாலிசியில் மனநோய் விலக்கப்பட்டுள்ளது என்று சொல்லி நேஷனல் இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்தது. 2021 ஏப்ரலில் நீதிபதி பிரதிபா எம். சிங், சட்டம் வந்த பிறகு அப்படி ஒரு விலக்கு செல்லாது என்று தீர்ப்பளித்துப் பணத்தைத் தரச் சொன்னார். ஏறக்குறைய அதே காலத்தில் அதே நீதிமன்றத்துக்கு வந்த இன்னொரு வழக்கில், 35 லட்ச ரூபாய்க்கு எடுத்த பாலிசியில் மனநோய்க்கு மட்டும் 50,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருந்தார்கள். முன்கதவை நீதிமன்றம் திறக்கச் சொன்னால் பின்கதவைச் சாத்தும் வித்தை இது. வரம்பு வைக்கும் இந்தப் பழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. பாலிசிப் புத்தகத்தின் பின்பக்க அட்டவணையைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு அது தெரியும்.

சட்டத்தின் வாசகத்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. உடல்நோய்க்கு என்ன உண்டோ அதுதான் மனநோய்க்கும். நம் நாட்டில் விற்கும் சாதாரண மெடிக்ளெய்ம் பாலிசி, சர்க்கரை நோயாளி மாதாமாதம் டாக்டரைப் பார்ப்பதற்குப் பணம் தருவதில்லை. 24 மணி நேரமாவது மருத்துவமனையில் படுத்தால்தான் தரும். ஆகவே மனநோயாளி ஓ.பி.யில் பார்ப்பதற்கும் தர வேண்டியதில்லை. சட்டப்படி இது சமத்துவம்தான். ஆனால் சர்க்கரை நோயாளிக்குக் காலில் புண், கண்ணில் அறுவை, இதயத்தில் ஸ்டென்ட் என்று பெரிய செலவுகள் கட்டிலில்தான் வருகின்றன. மனநோயில் பெரிய செலவு என்று ஒரே நாளில் எதுவும் வருவது அரிது. சின்னச் சின்னதாய், பத்து வருடம், இருபது வருடம் ஓடும். சென்னை மருத்துவர்கள் 1980களின் தொடக்கத்தில் மனச்சிதைவின் முதல் தாக்குதலுக்கு ஆளான 90 பேரைத் தேர்ந்துகொண்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வு உலக அளவில் பேசப்பட்டது. பலரும் நன்றாகவே தேறினார்கள் என்பது அதில் நல்ல செய்தி. ஆனால் தேறுவதும் மறுபடி சரிவதும் மாத்திரையை விடாமல் எடுப்பதும் ஆண்டுக்கணக்கான விவகாரம் என்பதையும் அந்த 90 பேரின் கதை சொல்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொகைகள் நான் வைத்துக்கொண்டவை. வாசகர் தம் வீட்டுத் தொகையைப் போட்டுக்கொள்ளலாம். பாரதி சாலையில் சின்னக் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு இருமுனைக் கோளாறு. மாதம் ஒரு முறை தனியார் மருத்துவர், கட்டணம் 700 ரூபாய். மாத்திரை 900. போகவர ஆட்டோ 300. கடையைச் சாத்திய நாளின் வருமானம் 800. மாதம் 2,700, வருடம் 32,400. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை, ஒவ்வொன்றும் 1,000 என்றால் வருடத்துக்கு இன்னும் 4,000. ஆக 36,400. ஐந்து வருடத்தில் 1,82,000 ரூபாய். அந்த ஐந்து வருடத்தில் ஒரே ஒரு முறை நோய் முற்றிப் பத்து நாள் மருத்துவமனையில் சேர்கிறார், பில் 60,000. பாலிசி ஒழுங்காக வேலை செய்தால் கிடைப்பது இந்த 60,000. மொத்தச் செலவில் கால் பங்கு. சேர்வதற்கு முந்தைய 30 நாள், வெளியே வந்த பிறகு 60 நாள் என்று பல பாலிசிகளில் ஒரு சலுகை உண்டு. அந்தக் காலத்து மருத்துவர் கட்டணமும் மாத்திரை பில்லும் சேர்த்துக் கேட்கலாம். பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை, பில்லை எடுத்து வைக்காததால். அதையும் சேர்த்தால் இன்னும் சில ஆயிரம். மீதி முக்கால் பங்கு கல்லாப்பெட்டியிலிருந்துதான் போகிறது.

நோய் ஏற்கெனவே இருந்து பாலிசி பிறகு எடுத்தவர் என்றால் இந்தக் கால் பங்குக்கும் காத்திருக்க வேண்டும். முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்பு 48 மாதமாக இருந்தது. 2024 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் 36 மாதம். குறைத்தது நல்லதுதான். ஆனால் மனநோய் இளவயதில் தொடங்கி, தொடக்க ஆண்டுகளில்தான் அதிகம் அலைக்கழிக்கும். காப்பீடு உள்ளே வருவதற்குள் அந்தக் காலம் பாதி கடந்துவிடுகிறது.

மாத்திரைச் செலவைப் பற்றி ஒரு பொதுவான தவறான எண்ணம் உண்டு: மனநோய் மருந்து என்றாலே விலை உயர்ந்தது என்று. லித்தியம், ரிஸ்பெரிடோன், குளோசபின், ஃபுளூஆக்ஸெடின், சோடியம் வால்புரோயேட் எல்லாம் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. விலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. ஜெனரிக் மருந்தகத்தில் வாங்கினால் இன்னும் குறையும். 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய ஆயிரம் முதல்வர் மருந்தகங்களும் அந்த நோக்கத்துக்குத்தான். செலவு மருந்தைச் சுற்றி இருக்கிறது. லித்தியம் மாத்திரையின் விலை பெரிதல்ல. ஆனால் அது ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்துகொண்டே இருக்க வேண்டும். குறைந்தால் பலனில்லை, கூடினால் நஞ்சு. சிறுநீரகமும் தைராய்டும் பார்க்க வேண்டும். உடலில் நீர் வற்றினால் அளவு ஏறிவிடும் என்பதால் மே மாத வெயிலிலும், திருவல்லிக்கேணியில் பலர் நோன்பிருக்கும் ரமலான் மாதத்திலும் லித்தியம் எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் இருக்கக் கூடாது. குளோசபின் இன்னும் கறார். வெள்ளணுக்கள் அபாயமாகக் குறையும் வாய்ப்பு உள்ளதால் முதல் 18 வாரமும் வாரம் ஒரு முறை ரத்தப் பரிசோதனை. வேறு எந்த மருந்துக்கும் கேட்காத நோய்க்கு இதுதான் கடைசி நம்பிக்கை. அதை எழுதிக் கொடுக்கும் மருத்துவர், ஒவ்வொரு வாரமும் லேபுக்குப் போக இந்தக் குடும்பத்தால் முடியுமா என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பரிசோதனை எதுவும் கட்டிலில் படுத்துச் செய்வதில்லை. ஆகவே சாதாரணப் பாலிசியில் சல்லிக்காசு வராது.

உளவியலாளரிடம் பேசிப் பெறும் சிகிச்சை இதைவிடக் கடினம். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு அமர்வு. வாரம் ஒன்று வீதம் பல வாரம். மாத்திரையை ஜெனரிக்கில் வாங்கலாம், மனிதரின் நேரத்தை அப்படி வாங்க முடியாது. அரசு மருத்துவமனைக் கூட்டத்தில் அவ்வளவு நேரம் ஒருவருக்குக் கிடைப்பது அபூர்வம். தனியாரில் கிடைக்கும், காசு கொடுத்தால். நடுத்தரக் குடும்பங்கள் முதலில் வெட்டுவது இதைத்தான்.

க்ளெய்ம் நிராகரிக்கப்படும் இடத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். மருத்துவமனையிலிருந்து வெளியே வரும்போது தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறியீடு இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பில் மனநோய்கள் எல்லாம் 'எஃப்' எழுத்தில் வருபவை. எஃப்20 என்றால் மனச்சிதைவு. எஃப்31 இருமுனைக் கோளாறு. எஃப்32 மனச்சோர்வு. எஃப்10 மதுவால் வருபவை. இன்ஷூரன்ஸ் மேசையில் உட்கார்ந்திருப்பவர் முதலில் பார்ப்பது இந்தக் கட்டத்தைத்தான். 2019இல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எந்தெந்த விலக்குகளை வைக்கலாம், எவற்றை வைக்கக் கூடாது என்று ஒழுங்குபடுத்தியபோது, மனநோயை விலக்கக் கூடாது என்று தெளிவாகச் சொன்னது. அதே ஆவணத்தில், வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்த விலக்குகளில் பன்னிரண்டாவது: மதுப்பழக்கம், போதைப்பொருள் மற்றும் எந்த அடிமைப் பழக்கத்துக்குமான சிகிச்சையும் அதன் விளைவுகளும். மனநலப் பராமரிப்புச் சட்டத்தைப் புரட்டினால், மனநோய் என்பதற்கான வரையறையிலேயே மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு சேர்ந்து வரும் மனநிலைகளும் அடங்கும் என்று இருக்கிறது. சட்டம் மனநோய் என்கிறது. ஆணையம் விலக்கிக்கொள்ளலாம் என்கிறது.

இது வெறும் சட்ட நுணுக்கம் அல்ல. மனச்சோர்வும் குடியும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது மனநல மருத்துவர்கள் அன்றாடம் காண்பது. தூக்கம் வராமல் குடிக்கிறார், குடித்ததால் வேலை போகிறது, வேலை போனதால் சோர்வு கூடுகிறது. எது முதலில் வந்தது என்று அவருக்கே தெரியாது. சம்மரியில் எஃப்32 முதலில் எழுதப்பட்டால் பணம் வர வாய்ப்புண்டு. எஃப்10 முதலில் வந்தால் கடிதம்தான் வரும். குடி நோயாளிகளுக்காகவே அடையாறில் டி.டி.கே. மருத்துவமனை 1980இலிருந்து இயங்கும் நகரம் இது. குடி ஒரு நோய் என்று நாற்பது ஆண்டுக்கு மேலாக ஊருக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த நிறுவனம். காப்பீட்டு ஆணையத்துக்கு மட்டும் இன்னும் அது நடத்தைக் குறைபாடாகவே தெரிகிறது. இந்தப் பன்னிரண்டாவது விலக்கை நீக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பாலிசி இருந்தும் பயன்படுத்தாதவர்கள் இன்னொரு வகை. கம்பெனி குரூப் பாலிசியில் க்ளெய்ம் போட்டால் ஹெச்.ஆருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியம் காக்கப்பட வேண்டும் என்கிறது. பயம் பிரிவுகளைப் படித்துவிட்டு வருவதில்லை. வீட்டில் பெண் கல்யாணப் பேச்சு நடக்கும்போது அண்ணனின் மனநோய்க்கு ஊனமுற்றோர் சான்றிதழ் வாங்கக் குடும்பம் தயங்குகிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்பு என்று சான்றிதழ் இருந்தால், அவரைப் பராமரிக்கும் உறவினர் பழைய வருமானவரி முறையில் 75,000 ரூபாய்க்குக் கழிவு பெறலாம். 80 விழுக்காடும் அதற்கு மேலும் என்றால் 1,25,000. செலவுக்கு ரசீதுகூடக் காட்ட வேண்டாம். இந்தச் சலுகையைக் கேட்காமல் விட்டுவிடுகிற குடும்பங்கள் ஏராளம்.

பாலிசி எடுக்கும்போது நோயை மறைத்துவிடலாமா என்ற யோசனையும் இங்கிருந்துதான் வருகிறது. ஏஜென்டுகள் சிலர் எழுத வேண்டாம் என்றே சொல்வார்கள். எழுதாமல் விட்டால் க்ளெய்ம் வரும் அன்று பழைய மருந்துச் சீட்டு ஒன்று போதும், மொத்தப் பாலிசியும் போய்விடும். தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டிய பிறகு, மோசடி என்று நிரூபித்தாலொழிய, மறைத்தார் என்று சொல்லி மறுக்க முடியாது என்பது இப்போதைய விதி. ஐந்து ஆண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதைவிட எழுதிவிட்டு மூன்று ஆண்டு காத்திருப்பது மேல்.

இனி காப்பீடே இல்லாதவர் பக்கம். திருவல்லிக்கேணியிலிருந்து ராயப்பேட்டை அரசு மருத்துவமனை நடக்கிற தூரம். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, கீழ்ப்பாக்கத்தில் மனநலக் காப்பகம். சீட்டு வாங்கி, மருத்துவரைப் பார்த்து, மருந்து ஜன்னலில் மாத்திரை வாங்கி வரும் வரை காசு கேட்பார் இல்லை. மனநலச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகளை அரசு மருத்துவமனைகளில் மனநோயாளிகளுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. தமிழ்நாடு அதற்கு வெகு முன்பே வழி செய்திருந்தது. 1994இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. மற்ற மாநிலங்கள் பார்த்துப் படித்த ஏற்பாடு அது. மனநோய்க்கு இந்த மாநிலத்தில் உள்ள மிகப் பெரிய காப்பீடு எது என்று கேட்டால், பிரீமியம் கட்டாத இந்த மருந்து ஜன்னல்தான் என்பேன்.

ஆனால் அந்த ஜன்னலில் பணத்துக்குப் பதில் நாளைக் கொடுக்க வேண்டும். ஓ.பி. காலையில். வரிசையில் நின்று, பார்த்து, மருந்து வாங்கி வெளியே வர மதியம் ஆகிவிடும். ஜாம் பஜாரில் காய்கறி விற்பவருக்கு வியாபாரமே காலையில்தான். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் மேன்ஷன்வாசிக்கு அன்று லீவு. லீவு என்றால் சம்பளப் பிடித்தம். கூட வரும் அம்மாவுக்கோ மனைவிக்கோ இன்னொரு நாள் கூலி. சண்டிகரில் மனச்சிதைவு நோயாளிகளின் செலவைச் சர்க்கரை நோயாளிகளின் செலவோடு ஒப்பிட்டு 2005இல் வெளியான ஆய்வு, மனச்சிதைவில் மொத்தச் செலவின் பெரும்பகுதி மருத்துவமனைக்கோ மருந்துக்கோ போகாமல் இழந்த உழைப்பாகவே போகிறது என்று காட்டியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்படப் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பாதிக்கப்பட்ட குடும்பம் சிகிச்சைக்கும் பயணத்துக்கும் மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை செலவிடுவதாகத் தெரிந்தது. பத்தாண்டுக்கு முந்தைய ரூபாய் அது. வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு. நோய்க்கு நோய் வேறுபட்டாலும் அவர்களில் 70 விழுக்காட்டுக்குக் குறையாதவர்கள் சிகிச்சையே பெறவில்லை என்றும் அதே கணக்கெடுப்பு சொன்னது.

சிகிச்சை பெறாதவர்கள் எங்கே போனார்கள் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு பயங்கரமான பதில் உண்டு. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கூரைக்கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அறியாமை என்று அதை எழுதி முடித்துவிட்டோம். குடும்பங்கள் அங்கே மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்குள்ள தர்கா நோயைத் தீர்க்கும் என்ற நம்பிக்கை ஒரு பாதி. வீட்டில் ஒருவர் வேலைக்குப் போகாமல் காவல் இருப்பதைவிடக் காப்பகத்துக்குக் கட்டுவது மலிவு என்ற கணக்கு மறுபாதி.

இந்த இழந்த கூலிக்கு ஈடு தரும் காப்பீடு இந்தியாவில் ஒன்றுதான் எனக்குத் தெரிந்து உருப்படியாக இருக்கிறது. அதை யாரும் மனநலக் காப்பீடு என்று நினைப்பதில்லை. இ.எஸ்.ஐ. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவரிடம் 0.75 விழுக்காடு பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 விழுக்காடு கட்டுகிறார். ஓ.பி. உண்டு, மாத்திரை உண்டு, அட்மிஷன் உண்டு, குடும்பத்துக்கும் உண்டு. நோயால் வேலைக்குப் போக முடியாவிட்டால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு. நீண்டகால நோய்கள் என்று தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். காசநோய், புற்றுநோயோடு மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, கடும் மனச்சோர்வு, மறதிநோய் ஆகியவையும் அதில் இருக்கின்றன. இரண்டு ஆண்டு தொடர்ந்து காப்பீட்டில் இருந்தவருக்கு இந்த நோய்களில் 80 விழுக்காடு சம்பளம், இரண்டு ஆண்டு வரை. எந்தத் தனியார் கம்பெனியின் பளபளப்பான பாலிசியும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கூட்டம், அயனாவரமோ கே.கே.நகரோ போக வேண்டும், படிவத்தில் கையெழுத்துக்கு அலைய வேண்டும் என்ற புலம்பல் எல்லாம் நியாயமே. ஆனாலும் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்று பிடித்திருப்பதைப் பார்த்தும் மனநோய்க்கு அது உதவும் என்று தெரியாமல் கடன் வாங்கிச் செலவு செய்பவர்கள் இருக்கிறார்கள். பல கடைகள் பிடித்தத்தையே செய்வதில்லை என்பது அதற்கு முந்தைய கதை.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது. அதுவும் பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்கானது. ஆக, 21,000க்கு மேல் சம்பளம், 1,20,000க்கு மேல் வருமானம், தனியார் பாலிசிக்குப் பிரீமியம் கட்டும் தெம்பு இல்லை என்று நடுவில் நிற்கும் கூட்டம்தான் பெரியது. பாரதி சாலைக் கடைக்காரர் அங்கேதான் நிற்கிறார். 2025 செப்டம்பர் 22இலிருந்து தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. நீங்கியது அவருக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் தரும். ஆனால் மலிவாக வாங்கினாலும் அது கட்டிலுக்கான பாலிசிதானே.

வெளிநாட்டில் எப்படி என்று பார்த்தால், அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் மனநோயோடு அடிமைப் பழக்கத்தையும் பெயரிலேயே சேர்த்துக்கொண்டது. அங்கே காப்பீடு ஓ.பி.யையும் உள்ளடக்கியது என்பதால் சமம் என்று சொன்னதற்கு ஒரு பொருள் இருந்தது. வேறு கோளாறுகள் அங்கே மலிந்திருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் நாம் பின்தங்கித்தான் இருக்கிறோம். இங்கிலாந்தில் பேச்சுவழிச் சிகிச்சையை அரசுச் சுகாதாரச் சேவையே கட்டணமின்றித் தருகிறது. காத்திருக்க வேண்டும், ஆனால் காசு கட்ட வேண்டாம்.

நம்மூரில் செய்ய வேண்டியது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. ராயப்பேட்டை போன்ற மருத்துவமனையில் வாரம் இரண்டு மாலை மனநல ஓ.பி. நடந்தால், மேன்ஷன்வாசியின் லீவும் காய்கறிக்காரரின் காலை வியாபாரமும் தப்பும். நிலையாக இருக்கும் நோயாளிக்கு மாத்திரையை மட்டும் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கிக்கொள்ள வழி இருந்தால் பாதி அலைச்சல் குறையும். லித்தியம், குளோசபின் பரிசோதனைகளை மருந்தின் ஒரு பகுதியாகவே கருதி இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஏற்க வேண்டும் என்று ஆணையம் ஒரு வரி எழுதலாம்.

அதுவரை, பாலிசி உள்ளவர்கள் புதுப்பிக்கும் முன் மூன்று இடங்களைப் பாருங்கள்: மனநோய்க்குத் தனி உச்சவரம்பு போட்டிருக்கிறதா, காத்திருப்புக் காலம் எத்தனை மாதம், ஓ.பி.க்குச் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதி உண்டா. மருந்துச் சீட்டையும் பில்லையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். க்ளெய்மை மறுத்தால் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். சென்னை அலுவலகம் அண்ணா சாலையில் தேனாம்பேட்டையில் இருக்கிறது, திருவல்லிக்கேணியிலிருந்து சிறிது நேர பஸ் பயணம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.